தாவலை விட்ட மரபணுக்கள்

வெளிறிய மக்காச்சோள மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் மேல் மை தெளித்ததுபோல ஊதாப் புள்ளிகள் இருக்கும். சில கடுகளவு, சில ஊசிமுனையளவு. மணியின் தோலுக்கு அடியில் ஒரே ஒரு செல் கனத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது. நிறம் அங்கேதான் தங்குகிறது. நிறத்தை உண்டாக்கும் மரபணுவுக்கு நடுவில் வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த மரபணு வேலை செய்யாது, மணி வெளிறிவிடும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு எழுந்து வெளியே போய்விட்டால் அங்கே நிறம் திரும்புகிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளியாகத் தெரிகின்றன. துண்டு சீக்கிரமே கிளம்பியிருந்தால் புள்ளி பெரியது, தாமதமாகக் கிளம்பியிருந்தால் சிறியது. எப்போது கிளம்பியது என்பதற்கான நாள்குறிப்பு மணியின் மேலேயே எழுதியிருக்கிறது.

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் பார்பரா மெக்ளின்டாக் 1940-களில் இந்தப் புள்ளிகளைத்தான் படித்தார். இரண்டு கூறுகளைப் பிரித்தறிந்தார். ஒன்றுக்கு ‘ஏசி’ என்றும் மற்றொன்றுக்கு ‘டிஎஸ்’ என்றும் பெயரிட்டார். ஏசி தானாகவே தாவும். டிஎஸ் ஏசி இருந்தால் மட்டும் தாவும். பிற்பாடு மூலக்கூறு அளவில் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஏசியின் சுமார் 4,600 எழுத்துகளுக்குள் டிரான்ஸ்போசேஸ் என்ற நொதிக்கான செய்முறை இருக்கிறது. டிஎஸ் துண்டுகள் பல, நடுப்பகுதியை இழந்த ஏசிதான். அவற்றிடம் நொதி இல்லை, ஆனால் நொதி பிடித்துக்கொள்ளும் இரண்டு முனைகள் மிச்சம் இருக்கின்றன. 1950-இலும் 1951-இலும் மெக்ளின்டாக் இதையெல்லாம் வெளியிட்டார். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 81.

அவர் இவற்றைத் ‘தாவும் மரபணுக்கள்’ என்று அழைக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘கட்டுப்படுத்தும் கூறுகள்’ என்றே எழுதினார். செடியின் வளர்ச்சியில் மற்ற மரபணுக்களை ஏவுவதும் அடக்குவதும் இவற்றின் வேலை என்று நம்பினார். தாவல் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். தாவலை உலகம் ஏற்றுக்கொண்டது. கட்டுப்படுத்தும் வேலை என்ற கருத்தைத் தள்ளிவைத்தது. 1980-இல் நேச்சர் இதழில் டூலிட்டிலும் சப்பியன்சாவும் ஒரு கட்டுரை, ஆர்கெலும் கிரிக்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துண்டுகள் செடிக்காகவோ விலங்குக்காகவோ இருக்கவில்லை, தம்மைப் பெருக்கிக்கொள்ளவே இருக்கின்றன என்பது இரண்டின் வாதமும். ‘தன்னல டி.என்.ஏ.’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. பெரும்பாலான துண்டுகளைப் பொறுத்தவரை அந்த வாதம் இன்றும் சரி. ஆனால் சிறு விழுக்காடு துண்டுகள் தாவலை நிறுத்திவிட்டு, தங்கிய வீட்டுக்கே உழைக்கத் தொடங்கியிருக்கின்றன. புல் குடும்பத்துப் பயிர்களில் இது எப்படி நடந்தது, நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

புல் குடும்பத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. நெல், கோதுமை, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, கரும்பு எல்லாம் ஒரே குடும்பம். ஒரு முன்னோர் ஜீனோமுக்கு எத்தனை மரபணுக்கள் என்று எண்ணினால் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஜீனோமின், அதாவது முழு டி.என்.ஏ. தொகுப்பின், அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நெல்லுக்கு 38.9 கோடி எழுத்துகள், மக்காச்சோளத்துக்குச் சுமார் 230 கோடி. மூன்று முன்னோர்களின் ஜீனோம்கள் சேர்ந்த ரொட்டிக் கோதுமைக்கு 1,600 கோடி அளவில். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு தாவும் துண்டுகளால் வந்தது. நெல் ஜீனோமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவைதான். மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் நூற்றுக்கு 85. ஆக, மக்காச்சோளத்தின் சொந்த மரபணுக்கள் இந்தக் காட்டுக்குள் அங்கங்கே தெரியும் வீடுகள் போல. காடு இவ்வளவு அடர்ந்திருக்கும் இடத்தில்தான், காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தது எது என்று தேடுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

தேடலின் முதல் இடறல் நெல்லிலேயே நேர்ந்தது. 2002-இல் நெல்லின் முதல் வரைவு ஜீனோம்கள் இரண்டு ஒரே சமயத்தில் வெளியாயின. இண்டிகா நெல்லுக்கு 46,000 முதல் 55,000 வரை மரபணுக்கள் என்று சீனக் குழு கணித்தது. ஜப்பானிகாவுக்கு 32,000 முதல் 50,000 வரை என்றது மற்றக் குழு. மனிதனைவிட நெல்லுக்கு அதிக மரபணுக்களா என்று அப்போது செய்தித்தாள்கள்கூட வியந்தன. இரண்டு ஆண்டில் ஜெஃப்ரி பென்னட்சன் குழு அந்தக் கணக்கின் ஓட்டையைக் காட்டியது. கணினி மரபணு என்று எண்ணியவற்றில் கணிசமானவை தாவும் துண்டுகளின் மரபணுக்கள். டிரான்ஸ்போசேஸுக்கும் தொடக்கக் குறி, முடிவுக் குறி எல்லாம் முறையாக இருக்கும்போது கணினி அதை எப்படி விலக்கும்? 2005-இல் பன்னாட்டுக் கூட்டு முயற்சி நெல்லின் முழு வரிசையை வெளியிட்டபோது எண்ணிக்கை 37,544 என்று இறங்கியது. அந்த முயற்சியில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி டெல்லியில் படிக்கப்பட்டது.

அதன்பின் ஜீனோம் படிப்பவர்கள் ஒரு பழக்கத்துக்கு வந்தார்கள். மரபணுக்களைத் தேடும் முன் தாவும் துண்டுகள் போலத் தெரியும் எல்லாவற்றையும் மென்பொருளால் மூடிவிடுவது. கணக்கு சுத்தமானது. ஆனால், தாவும் துண்டாக இருந்து உண்மையான மரபணுவாக மாறிய ஒன்று இருந்தால், அதையும் இந்தப் பழக்கம் சேர்த்து மூடிவிடும். முகச்சாயல் ஒன்றுதானே. நாம் தேடும் பொருளைத் தேடலின் முதல் படியிலேயே குப்பையோடு கூட்டித் தள்ளுகிறோம். இந்தத் துறையில் அறிந்தவை இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இயற்கை மட்டும் காரணமில்லை, நம் துடைப்பமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு பிரிவினையை இங்கேயே செய்துவிட வேண்டும். தாவும் துண்டு பயிருக்குப் பயன்படுவது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மக்காச்சோளத்தின் டிபி1. மெக்சிகோவின் காட்டுப் புல்லான தியோசின்டே புதர்போல் பக்கக் கிளை விட்டுப் படரும். மக்காச்சோளம் ஒற்றைத் தண்டாக நிற்கும். இந்த மாற்றத்தில் பெரும்பங்கு டிபி1 என்ற மரபணுவுடையது. அந்த மரபணுவுக்குச் சுமார் 60,000 எழுத்துகள் முன்னால் ‘ஹாப்ஸ்காட்ச்’ என்ற தாவும் துண்டு உட்கார்ந்து அதன் வேகத்தைக் கூட்டியிருக்கிறது என்று 2011-இல் ஜான் டோப்லி குழு காட்டியது. அந்தத் துண்டு விழுந்தது மனிதன் மக்காச்சோளத்தைப் பயிராக்குவதற்குக் குறைந்தது 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. அழகான கண்டுபிடிப்புதான். ஆனாலும் ஹாப்ஸ்காட்ச் இங்கே மரபணு ஆகவில்லை, ஒரு மரபணுவின் சுவிட்ச் ஆகியிருக்கிறது. நெல்லின் குலைநோய் எதிர்ப்பு மரபணு ‘பிட்’ ஒரு ரகத்தில் விழித்தெழுந்ததும் இப்படி முன்னால் விழுந்த ஒரு துண்டால்தான். மண்ணின் அலுமினியத்தைத் தாங்கும் வாற்கோதுமைக்கும் அதே கதை. சுவிட்ச் ஆவது எளிது, அடிக்கடி நடக்கிறது. துண்டு தன் உள்ளடக்கத்தையே ஒரு புதிய புரதமாகச் செடிக்குக் கொடுப்பது அரிது. நான் பின்தொடர்வது இந்த இரண்டாவதை.

டிரான்ஸ்போசேஸ் நொதியின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். அதற்கு இரண்டு கை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தடவி அறிந்து பிடித்துக்கொள்ளும். மறு கை வெட்டும். வெட்டும் கையில் மூன்று அமினோ அமிலங்கள் உயிர்நாடி, பெரும்பாலும் இரண்டு அஸ்பார்டிக் அமிலமும் ஒரு குளூட்டமிக் அமிலமும். இவற்றில் ஒன்று மாறினாலே வெட்டு நின்றுபோகும். இதற்கு மேல், உட்கருவுக்குள் நுழைய வழி தெரிந்திருக்கிறது, மற்றப் புரதங்களோடு சேரவும் தெரிந்திருக்கிறது. மரபணுக்களை ஏவும் கட்டுப்பாட்டுப் புரதத்துக்கு வேண்டியதும் இதே திறமைகள்தாம், வெட்டும் கை ஒன்றைத் தவிர. எனவே வெட்டும் கையை இழந்த டிரான்ஸ்போசேஸ் ஏறக்குறைய ஆயத்தமான கட்டுப்பாட்டுப் புரதம். இன்னொரு வசதியும் உண்டு. மிஞ்சிய கை பிடிக்கும் எழுத்து வரிசை, அதே துண்டின் பழைய பிரதிகள் வழியாக ஜீனோம் எங்கும் ஏற்கெனவே தெளிக்கப்பட்டிருக்கும். பல மரபணுக்களின் வாசலில் ஒரே பூட்டு மாட்டியிருப்பது போல. சாவிக்கு வேலை கிடைப்பது அதனால் எளிதாகிறது.

அப்படி வேலைக்கு வந்ததற்குத் தெளிவான சான்று புல்லில் கிடைக்கவில்லை, கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் கிடைத்தது. ஒளியை உணர்ந்து செடி நிமிரவும் பசுமை கொள்ளவும் உதவும் ஃபார்1, ஃபைய்3 என்ற இரட்டை மரபணுக்கள், மக்காச்சோளத்தில் 1978-இல் டொனால்ட் ராபர்ட்சன் கண்ட ‘மியூட்டேட்டர்’ குலத்து டிரான்ஸ்போசேஸின் சந்ததி. 2007-இல் ஹையாங் வாங் குழு அவை இப்போது வேறு இரண்டு மரபணுக்களை நேரடியாக ஏவுவதைச் சோதனையில் காட்டியது. அந்தக் குலத்து மரபணுக்கள் நெல்லிலும் மக்காச்சோளத்திலும் உண்டு. அவை புல்லில் ஒவ்வொன்றாக என்ன செய்கின்றன என்பது இன்னும் நிரப்ப வேண்டிய அட்டவணை. ஆனாலும் வழி திறந்துவிட்டது. தாவும் துண்டு செடிக்குக் கட்டுப்பாட்டுப் புரதமாகலாம் என்பதில் ஐயமில்லை என்றானது.

புல்லுக்கே உரிய ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 2006-இல் வாற்கோதுமை ஆய்வாளர்கள் ‘கேரி’ என்ற மரபணுவை விவரித்தார்கள். ஏசி எந்தக் குலமோ அதே குலம். பழ ஈயின் ‘ஹோபோ’, மக்காச்சோளத்தின் ஏசி, ஸ்நாப்டிராகன் செடியின் ‘டேம்3’ என்ற மூன்றின் முதலெழுத்தைச் சேர்த்து ‘ஹாட்’ என்று அந்தக் குலத்துக்குப் பெயர். கேரியின் படிப்புச் சட்டகம், அதாவது புரதமாகப் படிக்கப்படும் பகுதி, சுமார் 2,500 எழுத்துகள். நடுவே உடைப்பு இல்லை. அதன் முன்னும் பின்னும் பார்க்கிறோம். ஹாட் துண்டு எதுவானாலும் இரு முனையிலும் தலைகீழாய் ஒத்துப்போகும் குட்டி வரிசைகள் இருக்க வேண்டும், விழுந்த இடத்தில் எட்டு எழுத்துகள் இரட்டித்திருக்க வேண்டும். கேரியைச் சுற்றி இரண்டும் இல்லை. முனைகள் போய்விட்டால் நொதி எதைப் பிடித்துத் தூக்கும்? தாவும் வழி அடைந்துவிட்டது. உள்ளே வந்து வெட்டும் கையைப் பார்க்கிறோம். வெட்டுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் இடத்தில் இல்லை. நொதியாக இது வேலை செய்ய வாய்ப்பில்லை.

இவ்வளவும் சேர்ந்தால் செத்த டிரான்ஸ்போசான், அதாவது செத்த தாவும் துண்டு, என்றுதானே முடிவுக்கு வரத் தோன்றும்? செத்த துண்டுகளுக்குப் புல் ஜீனோம்களில் பஞ்சமே இல்லை. ஆனால் செத்தது அழுகும். பயனற்ற வரிசையைக் காக்க ஆளில்லாததால் காலப்போக்கில் எழுத்துகள் மாறி, இடையிடையே முடிவுக் குறிகள் விழுந்து, படிப்புச் சட்டகம் சிதறிவிடும். கேரி சிதறவில்லை. வாற்கோதுமையில் ஒன்றோ இரண்டோ பிரதி, நெல்லில் இரண்டு, கோதுமையில் இரண்டு. மூன்றிலும் சட்டகம் முழுசாக இருக்கிறது. ஓட்ஸ், ரை, மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகியவற்றிலும் அதன் படிகள் கிடைத்திருக்கின்றன. அராபிடாப்சிஸில் இல்லை. நெல்லும் மக்காச்சோளமும் பொது மூதாதையிலிருந்து பிரிந்து சுமார் 5 கோடி ஆண்டு ஆகிறது. அவ்வளவு காலம் எட்டுப் பயிர்களில் ஒரு துண்டு அழுகாமல் இருக்கிறது என்றால் யாரோ அதைப் பேணி வந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ இயற்கைத் தேர்வு. கோதுமையிலும் வாற்கோதுமையிலும் அது கதிரில் செயல்படுகிறது.

இந்த வகைச் சான்றின் வலிமையையும் எல்லையையும் கேரியே காட்டுகிறது. அது மரபணு ஆகிவிட்டது என்பது இவற்றால் ஏறக்குறைய நிச்சயமாகிறது. என்ன வேலை செய்கிறது என்பது இவற்றால் கிடைப்பதில்லை. அதற்கு மரபணுவை முடக்கிவிட்டுச் செடிக்கு என்ன ஆகிறது என்று வயலில் நின்று பார்க்க வேண்டும். ஆர்.என்.ஏ. உருவானதை மட்டும் வைத்து ‘செயல்படும் மரபணு’ என்று எழுதிவிடும் கட்டுரைகளை நான் ஒப்புக்கொள்வதில்லை. அழுத்தம் வந்தாலும், திசு வளர்ப்பில் போட்டாலும், பூச்சி கடித்தாலும்கூடத் தாவும் துண்டுகள் ஆர்.என்.ஏ. உண்டாக்கும். சத்தம் கேட்டால் ஆள் இருப்பதாக அர்த்தமில்லை.

முடக்கிப் பார்த்த கதைகளில் ஒன்று வந்தது நெதர்லாந்தின் லைடனிலிருந்து. 2005-இல் பண்டாக், ஹூய்காஸ் இருவரும் அராபிடாப்சிஸில் ‘டேஸ்லீப்பர்’ என்ற ஹாட் வம்சத்து மரபணுவைக் கண்டார்கள். அதை இழந்த செடி ஒழுங்காக வளரவே இல்லை. அதே ஆய்வகம் 2012-இல் இந்தக் குடும்பம் பூக்கும் தாவரங்கள் முழுக்கப் பரவியிருப்பதைக் காட்டி, நெல்லிலுள்ள உறவுகளுக்கு ‘ரைஸ்லீப்பர்’ என்று பெயரிட்டது. அவற்றில் இரண்டு நெல்லின் இயல்பான வளர்ச்சிக்கு முக்கியமானவை. மியூட்டேட்டர் வம்சத்து ‘மஸ்டாங்’ குடும்பமும் இப்படியே. நெல்லிலும் அராபிடாப்சிஸிலும் உண்டு, பூக்கும் தாவரங்கள் தோன்றிய தொடக்கத்திலேயே குடிபுகுந்தது. கரும்பில் பிரேசில் ஆய்வாளர்கள் மியூட்டேட்டர் வரிசைகளைக் குலவரிசையாக அடுக்கியபோது நான்கு கிளைகள் தெரிந்தன. இரண்டு இன்னும் தாவும் குணம் கொண்டவை, இரண்டு வளர்ப்புக்கு வந்தவை. காடும் வீடும் ஒரே குடும்ப மரத்தில் அடுத்தடுத்த கிளைகளாக நின்றன.

நெல் பயிரிடுபவர்களுக்கு நேரடியாகப் பொருள்படும் ஒன்று 2022-இல் வந்தது. ‘பாண்டா’ என்று அந்த மரபணுவுக்குப் பெயர் வைத்தார்கள். கதிர் எண்ணிக்கை, மணியின் அளவு என்பதற்கான ஆங்கிலச் சொற்களிலிருந்து எடுத்த பெயர். இது ‘ஹார்பிஞ்சர்’ என்ற இன்னொரு குலம். வயலில் நின்றவர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. தூர் நிறையக் கட்டிக் கதிர் பெருகினால் மணி சிறுக்கும், மணி பருத்தால் கதிர் குறையும். பாண்டாவை முடக்கிய நெல்லில் கதிர் குறைந்தது, மணி பெருத்தது. அதை மிகையாக இயக்கிய நெல்லில் நேர்மாறாகக் கதிர் கூடியது, மணி சிறுத்தது. இந்தத் தராசின் முள்ளை ஒரு பழைய டிரான்ஸ்போசான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தன் சொந்தத் தொடக்கியின் கீழ் மிதமாகக் கூட்டியபோது ஓர் இண்டிகா ரகத்தில் விளைச்சலே உயர்ந்தது.

பாண்டா எப்படி இதைச் செய்கிறது என்பதில்தான் எனக்கு வியப்பு அதிகம். செல்லுக்குள் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கிறது. அந்த உருளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மூன்று மீத்தைல் குழுக்களை ஒட்டிவிட்டால் அந்தப் பகுதி மரபணுக்கள் அடங்கிவிடும். ஒட்டுவது பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டம். பாண்டா அந்தக் கூட்டத்தின் இரு உறுப்பினர்களைப் பிடித்துக்கொண்டு, எந்த மரபணுக்களில் முத்திரை விழ வேண்டும் என்பதில் பங்கெடுக்கிறது. அப்படி அடங்கும் மரபணுக்களில் இரண்டு, கதிர் எண்ணிக்கையைக் குறைத்து மணியைப் பெருக்குபவை. அராபிடாப்சிஸில் 2015-இல் கண்ட ‘ஆல்ப்1’ என்ற மரபணுவும் ஹார்பிஞ்சர் வம்சம்தான், அதுவும் பி.ஆர்.சி.2-வோடுதான் சேருகிறது, ஆனால் அதற்கு எதிராக நிற்கிறது. தாவும் துண்டுகளை அடக்கத்தான் செடி இத்தகைய மௌனமாக்கும் ஏற்பாடுகளை வளர்த்தது என்று பலர் கருதுகிறார்கள். துரத்தப்பட்டவனே ஒருநாள் காவல் நிலையத்தில் உதவியாளாக உட்கார்ந்திருக்கிறான். ஹார்பிஞ்சர் குலத்தில் எல்லாரும் அடங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். அதே குலத்தின் 430 எழுத்துக் குட்டித் துண்டான ‘எம்பிங்’, ஜப்பானின் ஈஜி4 நெல் வரிசையில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு செடிக்கு ஏறக்குறைய 40 புதிய இடங்களில் இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது.

நோய் எதிர்ப்பில் இந்த உறவு வேறு வேடத்தில் வருகிறது. ஹாட் டிரான்ஸ்போசேஸ்களின் பிடிக்கும் கைக்கு ‘பெட்’ விரல் என்று பெயர். துத்தநாக அணுவைச் சுற்றி மடிந்த ஒரு சிறு பகுதி. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தடுக்கும் எக்ஸ்ஏ1 மரபணுவில் இந்த விரல் இருக்கிறது. கோதுமையின் மஞ்சள் துரு நோயைத் தடுக்கும் ஒய்ஆர்5, ஒய்ஆர்7, ஒய்ஆர்எஸ்பி மூன்றிலும் அதே விரல் இருப்பதை 2018-இல் ஒரு பன்னாட்டுக் குழு வெளியிட்டது. சாதாரண எதிர்ப்பு மரபணுவில் இந்த விரலுக்கு இடமில்லை. எங்கிருந்தோ வந்து முன்பகுதியில் ஒட்டிக்கொண்டது. பொறி வைப்பதுபோல என்பது இப்போதைய முன்னணி விளக்கம். நோய்க்கிருமி செல்லுக்குள் அனுப்பும் புரதம் செடியின் பெட் விரல் கொண்ட ஏதோ ஒரு புரதத்தைத் தாக்க வருகிறது. எதிர்ப்புப் புரதம் அதே விரலைப் போலியாக நீட்டி வைக்கிறது. கிருமி தொட்டதும் மணி அடிக்கிறது. புல் பயிர்களின் எதிர்ப்பு மரபணுக்களில் இப்படி வெளியிலிருந்து வந்து சேர்ந்த பகுதிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடிக்கடி தென்படுபவற்றில் பெட் விரலும் ஒன்று. டிரான்ஸ்போசான் முழு மரபணுவாக வந்து சேர்வதைவிட, இப்படி உறுப்பாக வந்து ஒட்டுவது புல்லில் பரவலான வழி என்று நினைக்க இடமிருக்கிறது.

இதுவரை சொன்னது துண்டின் சொந்தப் புரதம் மரபணுவான கதைகள். துண்டு மற்ற மரபணுக்களின் கந்தலைப் பொறுக்கித் தைத்துப் புது மரபணு செய்யும் என்று ஒரு கட்சி உண்டு. இங்கே ஆய்வாளர்கள் கடுமையாக முரண்பட்டார்கள். 2004-இல் ஷான் எடி, சூசன் வெஸ்லர் உள்ளிட்ட குழு நெல்லில் 3,000-க்கும் மேற்பட்ட ‘பேக்-மியூல்’களைக் கண்டது. மியூட்டேட்டர் வம்சத் துண்டுகள் இவை. வயிற்றுக்குள் 1,000-க்கும் மேற்பட்ட நெல் மரபணுக்களின் துணுக்குகளைச் சுமந்து திரிந்தன. இரண்டு மூன்று மரபணுக்களின் துணுக்குகள் ஒரே பையில் சேர்ந்தவையும் இருந்தன. புது மரபணுக்களின் தொழிற்சாலையைக் கண்டுவிட்டோம் என்ற உற்சாகம் அப்போது எங்கும் பரவியது. மறு ஆண்டே மான்ட்ரியலிலிருந்து ஒரு குழு அந்தத் துணுக்குகளை எழுத்தெழுத்தாக எடைபோட்டு, பெரும்பாலானவை அழுகிக்கொண்டிருக்கும் போலி மரபணுக்கள் என்றது. 2009-இல் வேறொரு கணக்கு வந்தது. சிலவற்றைத் தேர்வு பேணிவருகிறது, சில குட்டி ஆர்.என்.ஏ.க்களை உண்டாக்கித் தாய் மரபணுவையே அடக்கக்கூடும் என்றது. என் தீர்ப்பு மான்ட்ரியல் பக்கம் சாய்கிறது. 3,000 பைகளில் சில பத்து பயன்பட்டாலும் பரிணாமத்துக்கு அது தாராளம். ஆனால் 3,000-த்தையும் தொழிற்சாலை என்று அழைத்தது அவசரம். மக்காச்சோளத்தில் ‘ஹெலிட்ரான்’ துண்டுகள் இதே வேலையைப் பேரளவில் செய்கின்றன. அங்கும் பெரும்பாலானவை கந்தலாகவே கிடக்கின்றன.

அந்தக் கந்தலுக்குள் ஒரு சட்டை கிடைத்ததை மட்டும் சொல்ல வேண்டும். வாற்கோதுமையின் கோடு வைரஸால் தாக்கப்பட்ட மக்காச்சோளச் செடிகளின் வம்சத்தில், 1985-இல், மதுவை முறிக்கும் நொதியின் மரபணுவுக்குள் ஒரு புதிய துண்டு விழுந்திருப்பதைக் கண்டார்கள். பெயர் ‘பிஎஸ்1’. ஆர்.என்.ஏ. வழியாகப் பிரதி எடுத்துத் தாவும் வகை. திறந்து பார்த்தால் உள்ளே மக்காச்சோளத்தின் மூன்று வெவ்வேறு மரபணுக்களின் துண்டுகள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று செல் சவ்வில் புரோட்டான்களை இறைக்கும் மரபணுவினுடையது. 2010-இல் மேலும் பார்த்தார்கள். இந்தத் தையலிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாகிறது, புரதமும் உருவாகிறது. கண்ட கண்ட இடத்தில் இல்லை. பெண்கதிர் உருவாகத் தொடங்கும் ஆரம்பக் கட்டத்தில், மிகக் குறுகிய காலத்துக்கு மட்டும். இந்த ஒழுங்கு சத்தத்துக்கு வராது.

மூன்று துண்டுகளும் பிஎஸ்1-க்குள் வந்து சேர்ந்தது மக்காச்சோளமும் அதன் காட்டுப் புல் உறவுகளும் தனித்தனி இனங்களாகப் பிரிவதற்கு முன்பு. ஆனால் நடுவில் உடைப்பில்லாத, முழுப் புரதமாகப் படிக்கக்கூடிய சட்டகம், மனிதன் பயிரிட்ட மக்காச்சோளத்திலோ அதற்கு நேர் முன்னோரான தியோசின்டேக் கூட்டத்திலோ அமைந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. கேரிக்கு ஐந்து கோடி ஆண்டுத் தடம் இருக்கிறது. பிஎஸ்1-இன் தடம் அத்தனை நீளம் போகவில்லை. மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் முதல் மக்காச்சோளம் பயிரானபோது, இந்த மரபணுவின் கடைசித் தையல் அப்போதுதான் முடிந்திருந்ததோ, இன்னும் ஊசியிலேயே இருந்ததோ.